கடைசி பெஞ்சிலிருந்து ஒரு செய்யுள்

பி.எட். செய்முறைத் தேர்வில் கரும்பலகைக்கு முன்னால்தான் நிற்க வேண்டும். விழுப்புரத்தில் எங்கள் கல்லூரி வருடம் முழுக்க இதைச் சொன்னது. நான் கிளியனூரில் அமலா டீச்சரிடம் தமிழ் படித்தவன். அது மண்டையில் ஏறவில்லை.

டீச்சர் செய்யுள் படிக்க மட்டும் கடைசி பெஞ்சுக்கு வருவார். “தள்ளி உக்காருடா” என்று எங்களை இடித்துக்கொண்டு உட்கார்வார். என் பையில் இருக்கும், எங்கள் ஊரில் மல்லாட்டை என்கிற அவித்த வேர்க்கடலையைப் பறிமுதல் செய்வார். உரித்துத் தின்பதுதான் பறிமுதல். பிறகு படிப்பார். முன் பெஞ்சுக்காரர்களுக்குக் குரல் மட்டும் கேட்கும். எங்களுக்குத் தோளும் கிடைத்தது. பள்ளிக்கூடம் எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்தது அப்போது மட்டும்தான்.

தேர்வன்று, நாங்கள் பயிற்சி எடுத்த திண்டிவனம் பள்ளி வராந்தாவில், என்னோடு ஆங்கிலம் நடத்த வந்திருந்த கலைப்பிரியா எச்சரித்தாள்.

“ஜெனித்து, இன்னிக்கும் பின்னாடி போய்க்கினு இருந்தீன்னா மார்க்கு காலி.”

“நீ மட்டும்? உங்க ஸ்கூல் வேங்கடேசன் சார் மாதிரியே ‘புரிஞ்சுதா கண்ணுங்களா’ன்னு நொடிக்கு நொடி கேக்கற.”

“அது பழக்கம்டா!”

“இதுவும்தான்.”

ஃபெயிலானால் அடுத்த வருடம்தான். அப்பா அதற்குள் என்னை ‘வாத்தியாரே’ என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்.

பாடம் ஒழுங்காகவே போனது. செய்யுள் வந்ததும் கால்கள் கிளம்பிவிட்டன. கடைசி பெஞ்சை அடைந்தபோதுதான் தேர்வாளர் சுப்பராயலு சார் அங்கே உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்தது. தேர்வாளர்களுக்கு அதுதான் இடம்.

“தள்ளி உக்காருங்க சார்” என்றது என் வாய்.

அவர் தள்ளி உட்கார்ந்தார். இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். முன் பெஞ்சில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்; ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

முடிந்ததும் அவர் கேட்டார்: “யார்கிட்ட புடிச்சுக்கினு வந்த இத?”

“அமலா டீச்சருங்க சார். கிளியனூர்.”

“உக்காந்த எடத்துக்கு மார்க்கு கெடையாது.”

“சரிங்க சார்.”

“படிச்சதுக்கு உண்டு. பாஸு, போ.”

அவர் போனபின், கடைசி பெஞ்சுப் பாஞ்சாலி மெதுவாகக் கேட்டாள்: “சார், நாளைக்கும் இங்கதான் உக்காருவீங்களா?”

இன்றோடு எனக்கு இந்தப் பள்ளியில் வேலை முடிந்தது என்று சொல்ல வாய் வரவில்லை.

“பேசிக்கினு இருக்காத. ஜல்தியா எழுது” என்றேன்.

அதையும் என் வாயால் டீச்சர்தான் சொன்னார்.