அவருக்குப் பசிக்கும் நேரம்

மணி மூன்றேகால். அவருக்கு இன்னும் பசிக்கவில்லை.

பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளராக இருந்தவர். வேலைக்காலம் முழுக்கச் சங்கு ஊதினால் டிபன் பெட்டியைத் திறந்தவர், ஓய்வு பெற்ற மறுநாளே கைக்கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். இனி வயிறு சொல்லும்போதுதான் சாப்பாடு. ஒரு பிடி சோறு, ஒரு காய். உடம்பு கனத்தால் ஒரு நாள் பட்டினி. தொந்தி வற்றி ஆள் மினுமினுப்பானார். நடைப்பயிற்சிக் கூட்டாளிகள் காற்றுச்சாமி என்று பெயர் வைத்தார்கள். கேலிதான். அவருக்கு உச்சி குளிர்ந்தது.

ஆறிய சோறு மட்டும் ஆகாது. அதனால் அவர் வயிற்றின் மேல் ஒரு கண்ணும் தையல் எந்திரத்தின் மேல் ஒரு கண்ணுமாக மனைவி உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்குச் சர்க்கரை. மதியம் மாத்திரை போட்டதும் சாப்பிட வேண்டும் என்பது டாக்டர் சொன்னது. அதில் பாதியைத்தான் கடைப்பிடித்தாள். ஒரு மணிக்கு மாத்திரை; சாப்பாடு, அவர் சாப்பிட்ட பிறகு. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். முன்பெல்லாம் ஒரு மணிச் சங்கு கேட்டால், அங்கே அவர் சாப்பிட்டிருப்பார் என்று இங்கே தட்டைப் போடுவாள். நீ முதலில் சாப்பிடு என்று அவர் சொன்னதில்லை. காத்திரு என்றும் சொன்னதில்லை.

கை நடுங்கியது. ஊசியில் நூல் ஏறவில்லை. சமையலறைக்குப் போய்ச் சர்க்கரை டப்பாவில் கையை விட்டாள். வாயில் போடும்போது நிலைப்படியில் அவர் நின்றார்.

அவர் கத்துகிறவர் இல்லை. நாக்கை அடக்கத் தெரியாதவர்களுக்கு எந்த மாத்திரையும் வேலை செய்யாது என்று நிதானமாகச் சொன்னார். டப்பாவைப் பரணில் ஏற்றினார். நாளை முழுக்கத் தனக்குப் பட்டினி என்றார்.

"உனக்கும் சேத்துத்தான் இருக்கேன்."

பசிக்கிறது என்று சொல்ல வாயெடுத்தாள். அந்தச் சொல் அந்த வீட்டில் அவருடையதாகியிருந்தது.

மறுநாள் அடுப்பு எரியவில்லை. தனக்கு மட்டும் உலை வைக்க அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஒரு மணிக்குக் கை தானாக மாத்திரையை எடுத்தது. பக்கத்து வீட்டு நர்சின் சீருடைக்குக் கை இணைத்துக்கொண்டிருந்தாள். வேர்த்துக் கொட்டியது. துணி இரண்டாகத் தெரிந்தது.

கண் திறந்தபோது தரையில் கிடந்தாள். சீருடை வாங்க வந்த நர்ஸ் அவள் தலையை மடியில் சாய்த்து, ஈறில் சர்க்கரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பரணுக்குக் கீழே நாற்காலி. டப்பாவை ஏந்திக்கொண்டு அவர்.

அக்கா கடைசியாக எப்போது சாப்பிட்டார்கள் என்று நர்ஸ் கேட்டாள்.

"இன்னைக்கு எனக்கு விரதம்மா," என்றார் அவர். "நேத்தும் ஒரு வேளைதான். அதுவும் ஒரு பிடி."

"உங்களக் கேக்கல சார். அக்கா எப்ப சாப்பிட்டாங்க?"