மூன்றாம் வரிசையில் ஒருவர் பணியில் இருக்கிறார்

சட்டமன்றத்தின் மூன்றாம் வரிசையில், நூற்றுப் பதினான்காம் நாற்காலியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்கு உட்கார்ந்தபடியே இறந்துபோன அம்மாளை எட்டுப் பேர் சேர்ந்தும் தூக்க முடியவில்லை. நாற்பத்து நான்கு கிலோ உடம்பு. முதலில் அவைக் காவலர்கள் இருவர் வந்தார்கள், பிறகு நால்வர், பிறகு ஆம்புலன்ஸ்காரர்களும் கை கொடுத்தார்கள். நாற்காலியோடு சேர்த்து நகர்த்திப் பார்த்தார்கள். கட்டடத்தையே நகர்த்துவது போலிருந்தது. உணவு இடைவேளை வந்துவிட்டதால் எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

உறுப்பினர் ஆவதற்கு முன் அந்த அம்மாள் இருபத்தாறு வருடம் அரசு மருத்துவமனையில் நர்ஸ். அறுபது கட்டில் போட்ட வார்டுக்கு அவர் ஒருத்தர்தான். ஒருநாள் பட்டப்பகலில் வார்டின் இந்தக் கோடியில் ஒருவருக்கும் அந்தக் கோடியில் ஒருவருக்கும் ஒரே நேரத்தில் மூச்சு முட்டியது. இவர் ஒரு பக்கம் ஓடினார். மறுபக்கம் இருந்தவர் போய்விட்டார். "எனக்கு இருக்கிறது ரெண்டு கால். ரெண்டும் ஒரே பக்கம்தான் ஓடுது" என்று தேர்தலில் மேடைக்கு மேடை அதையேதான் சொன்னார், வேறு பேச்சு அவருக்கு வராது. ஜனங்கள் ஓட்டை அள்ளிக் கொட்டினார்கள். பதினொரு வருடத்தில், ஆறு கட்டிலுக்கு ஒரு நர்ஸ் என்கிற ஒரே மசோதாவை நாற்பத்தொரு தடவை அவையில் எடுத்து வைத்தார். "வாங்க சிஸ்டர், இன்னிக்கு யாருக்கு ஊசி?" என்று பின்வரிசையிலிருந்து குரல் வரும். "தூங்கிக்கிட்டே கை தூக்குறவங்களுக்கு" என்பார் இவர். சபை சிரிக்கும். மசோதா கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கும்.

மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். ஆள் வந்து சொன்னதும் கையில் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியோடு அப்படியே ஓடி வந்தாள். அம்மாவின் தலை வாசல் பக்கம் திரும்பியிருந்தது. அந்தத் திரும்பலை அவள் சின்ன வயதிலேயே வார்டில் பார்த்திருக்கிறாள்.

"செத்தது வேற விஷயம்" என்றாள் காவலர்களிடம். "ட்யூட்டி மாத்த ஆள் வரல. அதான் எழுந்திருக்கல."

நர்ஸ் வேலையில் ஒரு வழக்கம் உண்டு, கண்ணுகளா. அடுத்த நர்ஸ் வராமல் வார்டை விட்டு நகரக் கூடாது. வந்தவளைக் கூட்டிக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போய், இவருக்கு இது, அவருக்கு அது என்று சொல்லி, அவள் "நான் வாங்கிக்கிட்டேன்" என்று வாய்விட்டுச் சொன்னால்தான் இவள் செருப்பை மாட்டலாம். மாற்ற ஆள் வராததால் ஒருமுறை மூன்று நாள் அந்த அம்மாள் வார்டிலேயே இருந்தார். வீட்டில் மகளுக்கு அம்மை போட்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரிதான் பார்த்துக்கொண்டாள். மகள் அதை மறக்கவுமில்லை, சொல்லிக் காட்டவுமில்லை. இந்த ஒரு சாவுக்காவது அம்மாவை வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும், ஒரு பொழுதாவது கூடத்தில் கிடத்தி வைத்திருக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

சபை அவளுக்கு வேறு எல்லாம் கொடுத்தது. இரங்கல் தீர்மானம் போட்டார்கள். மசோதாவை நாற்பத்தொரு தடவையும் கிடப்பில் போட்டவர்கள் அதில் நாத் தழுதழுக்கப் பேசினார்கள். தெருவுக்குப் பேர் வைத்தார்கள், வெளியே சிலை வைப்பதாகச் சொன்னார்கள். அம்மாள் அசையவில்லை. பிறகு உடலை எடுத்துச் செல்ல இந்த அவை அனுமதிக்கிறது என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள். குரல் வாக்கெடுப்பில் ஒருமனதாக நிறைவேறியது. அப்போதும் அசையவில்லை. கடைசியில் சுகாதார அமைச்சர், "இதுக்கா இவ்வளவு பாடு?" என்று பேனாவைத் திறந்து ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு, "நான் வாங்கிக்கிட்டேன்மா, நீங்க கிளம்புங்க" என்றார். நாற்காலி ஒரு விரற்கடை தரைக்குள் இறங்கியது. பளிங்கில் விரிசல் ஓடி அமைச்சரின் ஷூ வரை வந்து நின்றது.

"கட்டில் கட்டிலாப் போய்ப் பாக்காம வாங்கினா அது வாங்கினது இல்லீங்க" என்றாள் மகள். "எங்கம்மாகிட்ட அந்த வேலை செல்லாது."

இந்த விரிசல் அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது என்று சபாநாயகர் அறிவித்தார்.

உடம்பு கெடவில்லை. நர்ஸ் காலத்திலிருந்தே சட்டையில் குத்தியிருந்த சின்னக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. இடைத்தேர்தல் வந்தபோது ஆளுங்கட்சிச் செயலாளர் மூக்குக்கண்ணாடிக் கடைக்கே வந்து, வாடிக்கையாளர் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்தார்.

"நீ நில்லும்மா. அனுதாப ஓட்டு கொட்டும். உள்ள போய் அம்மாகிட்ட வாங்கிக்கிட்டேன்னு சொல்லு, அவங்களும் நிம்மதியாக் கிளம்புவாங்க."

"அப்ப மசோதா வருமாண்ணே?"

"மசோதாவை விடு. வாயால சொல்லு போதும். செத்தவங்களுக்கு என்ன தெரியப்போகுது?"

"உங்க அமைச்சர் ஷூவைக் கேட்டுப் பாருங்க."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. நிஜமாகவே வாங்கிக்கொண்டால் என்ன என்று அவளும் யோசித்துத்தான் இருந்தாள். அம்மாவின் பையிலிருந்த மருத்துவமனைப் பட்டியலை எடுத்துக்கொண்டு, கடைக்கு விடுப்புப் போட்டு, தொகுதியிலிருக்கும் ஒன்பது மருத்துவமனைகளுக்கும் போய் ஒவ்வொரு கட்டிலையும் பார்த்துவிட்டு வந்திருந்தாள். எண்ணூற்று இருபது கட்டில், முப்பத்தொரு நர்ஸ். அவள் வீட்டிலும் ஒரு பெண் குழந்தை இருக்கிறது, அடிக்கடி காய்ச்சல் வரும்.

"நான் வாங்கிக்கிறேன்னே வச்சுக்கங்க" என்றாள். "என்னை மாத்த யார்ண்ணே வருவா? நீங்க வருவீங்களா?"

செயலாளர் எழுந்து, வந்ததற்கு ஒரு கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். இது தனக்கு எடுப்பாக இல்லை என்று சொல்லிக் கழற்றி வைத்துவிட்டுப் போனார். வேறு ஒருவர் நின்றார், ஜெயித்தார். அவருக்கு நூற்றுப் பதினான்கு ‘அ’ என்று பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டார்கள். சபை கலைந்தது; மசோதா காலாவதியானது; அடுத்த சபை வந்தது, அதுவும் கலைந்தது. புதிய உறுப்பினர்களுக்குக் கழிப்பறை எங்கே, நூலகம் எங்கே, அம்மாள் எங்கே என்று வரிசையாகக் காட்டிக் கொடுப்பார்கள். வெளியே வைத்த சிலை மட்டும் சாலையை அகலப்படுத்தியபோது இடைஞ்சலாகிவிட்டது. நாலே பேர் அலுங்காமல் தூக்கிப் பக்கத்துத் தெருவில் வைத்தார்கள்.

மகள் முதலில் வாரா வாரம் அழ வந்தாள். பிறகு மாதாமாதம் தலை வாரிவிட வந்தாள். நகம் வளர்ந்திருந்தால் வெட்டுவாள், கடையில் நடந்ததைச் சொல்வாள், குழந்தையின் காய்ச்சல் எத்தனை டிகிரி என்று சொல்வாள். ஒருமுறை வாசலில் புதிதாக வந்த காவலர் தடுத்து, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்.

"எங்கம்மாவை."

அவர் வருகைப் பதிவேட்டைத் தள்ளிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

"ட்யூட்டியிலதான் இருக்காங்க. போங்க."