நியூட்ரலில் நாற்பது கிலோமீட்டர்

நான்காவது பத்தியில் தன் பெயர் வந்ததும் செந்தமிழனுக்கு இட்லி தொண்டையில் நின்றுகொண்டது.

எதிரில் ரஞ்சிதா புகார்க் கடிதத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள்.

"'வாகனங்களில் நீண்ட அனுபவம் உள்ள என் கணவர் செந்தமிழன் உடனிருந்து, இது ஆட்டோமேட்டிக் கார் என்பதையும், முன்பக்கத்தைத் தூக்கித்தான் இழுக்க வேண்டும் என்பதையும் தங்கள் ஊழியரிடம் தெளிவாகச் சொன்னார். அதையும் மீறி...' ஏங்க, தண்ணி குடிங்க. என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. நீண்ட அனுபவம்னு போட்டுருக்கியே, அது கொஞ்சம் ஓவரா இல்ல?"

"எட்டாவது படிக்கும்போதே டிராக்டர் ஓட்டுனேன்னு பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே சொன்ன ஆளு நீங்க. இப்ப என்ன புதுசா அடக்கம்?"

செந்தமிழன் தண்ணீரைக் குடித்தான். அடக்கம் அவனுக்குப் புதிதுதான். வல்லத்திராக்கோட்டையில் பம்புசெட் மோட்டார் கடை வைத்திருப்பவன் அவன். சுற்று வட்டாரத்தில் யார் வண்டி நின்றாலும் முதலில் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவனும் பானெட்டைத் திறந்து பார்த்து, தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே குரலில் சொல்லிவிட்டு வருவான்.

ரஞ்சிதா ஆவுடையார்கோவில் பக்கம் கால்நடை மருத்துவர். இரண்டு பஸ் மாறிப் போய்வந்து அலுத்து, தன் சம்பளத்தில் சேர்த்து, தை மாதம் ஒரு பழைய ஆட்டோமேட்டிக் காரை வாங்கினாள். அன்றிலிருந்து அவனுக்கு அவளைக் கிண்டல் செய்வதே பொழுதுபோக்கு. "டாக்டரம்மா சும்மா ஏறி உக்காந்தா போதும், வண்டி தானாப் போயிரும்," என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்த வண்டி மூன்று வாரத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுபோனது. ரேடியேட்டர் பைப் வெடித்துவிட்டது. புதுப் பைப் நானூறு ரூபாய்தான். ரஞ்சிதா புதுக்கோட்டையில் இருந்த ஒரு ரெக்கவரி கம்பெனிக்குப் போன் செய்து இழுவை வண்டிக்குச் சொன்னாள். அதற்குள் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பசு கன்று போட முடியாமல் தவிப்பதாக ஆள் வந்தது. முன்பே வரவழைத்திருந்த கணவன் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு ஓடினாள்.

கார் சுற்றுச்சுவரைப் பார்த்து மூக்கை இடித்துக்கொண்டு நின்றது. இழுவை வண்டியில் வந்த ராக்கன், ஐம்பது வயதுக்காரர், சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி, இது ஆட்டோமேட்டிக்கா? அப்படின்னா தள்ளித் திருப்பி, முன்னாடி தூக்கணும். அரை மணி நேரம் ஆகும்."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். ஆனால் மணி இரண்டு, பசி. டீக்கடையிலிருந்து நாலு பேர் வேறு எழுந்து வந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாலு பேர் பார்க்கும்போது செந்தமிழனுக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

"எல்லாம் ஒண்ணுதாண்ணே. நியூட்ரல்ல போட்டாச்சுல்ல? பின்னாடி தூக்கி இழுங்க. ஒண்ணும் ஆகாது."

முன்சக்கரங்கள் தரையில் உருள, நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடிப் புதுக்கோட்டை வந்து சேர்ந்தது கார். கியர்பாக்ஸ் உள்ளுக்குள் எண்ணெய் ஓடாமல் தேய்ந்து போயிருந்தது. தப்பாக இழுத்ததுதான் காரணம் என்று ஒர்க்‌ஷாப்பில் எழுதியே கொடுத்துவிட்டார்கள். செலவு எண்பத்து நாலாயிரம். இன்சூரன்ஸில் வராது.

அன்று சாயங்காலம் ரஞ்சிதா கேட்டாள், "ஆட்டோமேட்டிக்னு நீங்க சொன்னீங்கதானே?"

"சொல்லாம இருப்பேனா?" என்று கேட்டுவிட்டான். இரண்டே வார்த்தை. அது இன்று நான்காவது பத்தியாக வளர்ந்து நிற்கிறது.

"விட்ரலாமே ரஞ்சி," என்றான் இப்போது, பத்தாவது முறையாக. "பாவம், சின்னக் கம்பெனி. பணத்தை நான் எப்படியாவது பொரட்டுறேன்."

"உங்களுக்கு எப்பவுமே இளகுன மனசு. சட்டையைப் போடுங்க. இன்னைக்கு லீவு சொல்லிட்டேன்."

ரெக்கவரி கம்பெனி புறவழிச்சாலையில் ஒரு தகரக் கொட்டகை. மேனேஜர் திருப்பதி இருவரையும் உட்காரச் சொல்லி, மின்விசிறியை அவர்கள் பக்கம் திருப்பிவிட்டு, கடிதத்தைப் படிக்காமலே பேச ஆரம்பித்தார்.

"மேடம், நீங்க கூப்பிட்டதே வண்டி ரிப்பேருன்னுதானே? ரிப்பேரான வண்டியில இன்னொரு ரிப்பேரு வந்தா நாங்க எப்படிங்க பொறுப்பு?"

"காய்ச்சல்னு கூட்டிட்டு வந்த மாட்டுக்கு, எறக்கும்போது காலை ஒடிச்சா யாருங்க பொறுப்பு?"

திருப்பதி கடிதத்தை எடுத்துப் படித்தார். ரஞ்சிதா காரோடு வந்த புத்தகத்தின் பக்கத்தை நகலெடுத்து வந்திருந்தாள். ஒர்க்‌ஷாப் அறிக்கை, இழுத்ததற்குக் கொடுத்த ரசீது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தாள். படம் போட்டிருந்த பக்கத்தை அவர் நெடுநேரம் பார்த்தார். முன்சக்கரம் தரையில் இருக்கும் படத்தின் மேல் பெரிய பெருக்கல் குறி.

"ராக்கா! இங்கிட்டு வா!"

ராக்கன் கையில் கிரீஸோடு வந்து வாசலிலேயே நின்றார். செந்தமிழன் சுவரில் இருந்த டயர் கம்பெனி காலண்டரில் விசேஷ தினங்களைப் படிக்கத் தொடங்கினான்.

"ஆட்டோமேட்டிக் வண்டியைப் பின்னாடி தூக்கி இழுத்தியா?"

"ஆமா சார்."

"அவங்க வீட்டுக்காரரு அவ்வளவு தெளிவாச் சொல்லியும் இழுத்திருக்கன்னு எழுதிருக்காங்க."

ராக்கன் நிமிர்ந்து செந்தமிழனைப் பார்த்தார். செந்தமிழன் ஆடி அமாவாசையில் இருந்தான். ராக்கன் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டாக்டரம்மாவையும் பார்த்தார். ஏதோ புரிந்ததுபோலத் தலை குனிந்துகொண்டார்.

"நான்தான் சார் பாத்து இழுத்திருக்கணும். தப்புதான்."

"தப்புதான்னா ஆச்சா? எண்பத்து நாலாயிரம்! மாசம் நாலாயிரம் ஒன் சம்பளத்துல பிடிப்பேன். சரிங்க மேடம், நான் தர்றதுக்கு ஏற்பாடு பண்றேன்."

ரஞ்சிதா ஜெயித்துவிட்டாள். அவள் முகத்தில் ஜெயித்த களை இல்லை. ராக்கனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கிரீஸ் கையைப் பனியனில் துடைத்தபடி வெளியே போகத் திரும்பினார்.

செந்தமிழனால் அதற்கு மேல் காலண்டரைப் படிக்க முடியவில்லை.

"அண்ணே, நில்லுங்க," என்று எழுந்துவிட்டான். "சார், அவரு கேட்டாரு. ஆட்டோமேட்டிக்கான்னு கேட்டு, திருப்பித்தான் தூக்கணும்னும் சொன்னாரு. நான்தான் எல்லாம் ஒண்ணுதான், இழுங்கன்னேன்."

ரஞ்சிதா பக்கம் அவன் திரும்பவே இல்லை. அந்தப் பக்கக் காது மட்டும் சிவந்துவிட்டது.

திருப்பதிக்கு உயிர் வந்தது. "அப்படிச் சொல்லுங்க சார்! பாத்தீங்களா மேடம், உங்க வீட்டுக்காரரே ஒத்துக்கிட்டாரு. ஒத்த ரூபா தரவேண்டியதில்ல நாங்க."

ரஞ்சிதா கடிதத்தை எடுத்தாள். பையிலிருந்து பேனாவை எடுத்து நான்காவது பத்தியை மேலிருந்து கீழாக நிதானமாக அடித்தாள். பிறகு கடிதத்தைத் திரும்ப மேஜையில் வைத்தாள்.

"சார், ஆஸ்பத்திரிக்கு மாட்டை ஓட்டிட்டு வர்றவரு, இந்த ஊசியைப் போடுங்க டாக்டர், ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுவாரு. தெனம் நாலு பேரு சொல்றாங்க. நான் போட்டுட்டு, மாடு செத்துப்போச்சுன்னா, மாட்டுக்காரர் சொன்னாருன்னு நான் தப்பிச்சுக்க முடியுமா?"

"அது எப்படிங்க முடியும்? நீங்கதானே டாக்டரு?"

"இழுக்குறதுக்குக் காசு வாங்குனது யாருங்க?"

திருப்பதி மேஜையிலிருந்த ரசீதை எடுத்துப் பார்த்தார்.

"ஆனா மாட்டுக்காரர் மேலயும் தப்பு இருக்கு," என்றாள் ரஞ்சிதா. 'மாட்டுக்காரர்' என்ற இடத்தில் குரல் கொஞ்சம் அழுத்தமாக விழுந்தது. "அதனால பாதி நீங்க குடுங்க. பாதி நாங்க பாத்துக்குறோம். இந்த அண்ணன் சம்பளத்துல கை வைக்கக் கூடாது. அதையும் சேர்த்து எழுதிக் குடுங்க. முடியாதுன்னா சொல்லுங்க, நுகர்வோர் கோர்ட்டுல முழுசாக் கேட்டுப் பாக்குறேன்."

அரை மணி நேரம் பேசி, இரண்டு டீ வரவழைத்து, மூன்று தவணையில் நாற்பத்து இரண்டாயிரம் என்று திருப்பதி எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்தபோது ராக்கன் செந்தமிழனின் பைக் வரை கூடவே வந்தார்.

"எங்கிட்டு இருந்தாலும் இனி வண்டி நின்னா எனக்குப் போடுங்க தம்பி," என்றவர் ரஞ்சிதாவைப் பார்த்து, "நம்பரு டாக்டரம்மாகிட்டயே குடுத்துடறேன்," என்று சொல்லி அவளிடம் குறித்துக் கொடுத்தார்.

பைக் கிளம்பியது. ரயில்வே கேட் மூடியிருந்தது. செந்தமிழன் வண்டியை நிறுத்தினான்.

"திட்டிரு ரஞ்சி. இப்படி உம்முன்னு வராத."

"எதுக்குத் திட்டணும்?"

"பொய் சொன்னதுக்கு."

"ஏன் சொன்னீங்க?"

"எத்தனை மாசமா ஒன்னையக் கிண்டல் பண்ணிட்டு, எனக்கே தெரியலைன்னு எப்படிச் சொல்றது? நீ சிரிப்ப."

"கட்டாயம் சிரிச்சிருப்பேன். ஒரு வாரம் சிரிச்சிருப்பேன். அப்புறம் பாதிப் பணத்துக்கு ரெண்டு பேரும் சேர்ந்து அலைஞ்சிருப்போம். ஒத்தையில மூணு வாரம் இட்லியை முழுங்க முடியாமத் திரிஞ்சிருக்கீங்க." கொஞ்சம் நிறுத்தி, "இளகுன மனசாக்கும்னு நான் வேற பெருமைப்பட்டுக்கிட்டிருந்தேன்," என்றாள்.

அவளுடைய போன் அடித்தது. கடையைப் பார்த்துக்கொள்ளும் மாமியார் சின்னப்பிள்ளை. செந்தமிழன் கழுத்தைத் திருப்பி, கண்ணால் கெஞ்சினான்.

"அத்தே, முடிஞ்சிருச்சு. பாதி அவங்க தர்றாங்க... மீதிப் பாதியா? அது நாமதான் போடணும். நம்ம பக்கமும் கொஞ்சம் தப்பு இருந்துச்சு அத்தே."

நம்ம பக்கம். இவளுக்காக என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று செந்தமிழன் நினைத்து முடிப்பதற்குள், ரயிலின் சத்தத்தையும் மீறிச் சின்னப்பிள்ளையின் குரல் போனிலிருந்து கேட்டது.

"நம்ம பக்கம்னா அவன்தானே? அந்த டிராக்டர்காரன்தானே பின்னாடி தூக்கச் சொன்னான்? எம் புள்ளையப் பத்தி எனக்குத் தெரியாதா?"

அவ்வளவுதான். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வர, ரஞ்சிதா அவன் முதுகில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தாள். கேட் திறந்து, பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்து, செந்தமிழன் வண்டியைக் கிளப்பிய பிறகும் சிரித்துக்கொண்டே இருந்தாள்.