அழகம்மா வீட்டுக் கறிவேப்பிலை

சுங்கைப் பட்டாணி, பாக்கார் ஆராங்கில் அழகம்மா வீட்டுக் கறிவேப்பிலை மரம் அக்டோபரில் இலையெல்லாம் மஞ்சளாகி உதிரும். ஜனவரியில் கிளைகளில் வெள்ளை வெளேரென்று பனி கட்டும். ஏப்ரலில்தான் மறுபடி துளிர்க்கும். தொண்ணூற்று நான்கிலிருந்து இதுதான் நடப்பு. முதல் வருடம் பார்க்க வந்த ஓர் அதிகாரி, ஏர்கோன் ஒழுகுகிறது, சரி செய்யவும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கு அந்த வரிசையில் எந்த வீட்டிலும் ஏர்கோன் கிடையாது. பிறகு யாரும் வந்து கேட்கவில்லை. பிள்ளைகள் பனியைச் சுரண்டி சிராப் ஊற்றித் தின்றார்கள், சளி பிடித்தது, அவ்வளவுதான். மரம் ஏன் இப்படி என்று அழகம்மாவுக்கு மட்டும் தெரியும். தெரிந்ததை அவள் முப்பது வருடம் வாய் திறந்து சொல்லவில்லை, புருஷன் அய்யாவுவிடம்கூட.

பக்கத்து வீட்டுக்காரர் போலந்துக்காரர். பெயர் கசிமியெர்ஸ். முழுதாகச் சொன்னால் நாக்கு சுளுக்கும் என்பதால் அழகம்மா வகையறாவுக்கு அவர் காசி அண்ணன்; முனையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் நாகூர் மீரானுக்குக் காசிம் நானா. இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பார். பத்தொன்பது வயதில், உலகப் போரில், இத்தாலியில் ஒரு மலைக்காகச் சண்டை போட்டார். மலை கிடைத்தது. சண்டை முடிந்து பார்த்தால் அவருடைய ஊர் இருந்த இடத்தைவிட்டு அசையாமலே வேறு நாட்டுக்குப் போய்விட்டிருந்தது. ஐம்பத்தைந்தில் சிடாம் கிரி தோட்டத்து ரப்பர் ஆலையில் இயந்திரம் பார்க்க வந்தவர் அப்படியே தங்கிவிட்டார். ஊர் நாடு மாறிய கதையைக் கேட்டுத் தோட்டத்து ஆட்கள் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. பின்னாளில் அவர்கள் குடியிருந்த லயமும் இருந்த இடத்தைவிட்டு அசையாமலே வீடமைப்புத் திட்டமாக மாறியது. எல்லாரும் பாக்கார் ஆராங்குக்கு வந்தபோது அவரும் கூடவே வந்தார். வரிசையில் ஓடாத மோட்டார் சைக்கிளும் சுற்றாத காற்றாடியும் அவர் வாசலுக்குத்தான் போகும். வரிசைப் பிள்ளைகளில் பாதிப் பேர் பிறப்பதற்கு அவருடைய பழைய காரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இரண்டு பேர் அவசரப்பட்டுக் காரிலேயே பிறந்தார்கள். சீட்டைத் துடைத்துவிட்டு இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு தங்கக் காசு போட்டார்.

தொண்ணூற்று நான்கில் முட்டி ஆப்பரேஷனுக்காக அலோர் ஸ்டார் போனவர், வீட்டுச் சாவியை அழகம்மாவிடம் கொடுத்தார். கூட்டிப் பெருக்கப் போனவள் அலமாரிக்கு மேலே ஒரு தகர டப்பாவைப் பார்த்தாள். உள்ளே கரி போலக் கறுத்த மண். ஆம்பிளைக்கு எதற்கு மண் டப்பா என்று, வேலியோரம் சோர்ந்து நின்ற தன் கறிவேப்பிலைக் கன்றுக்குக் கொண்டுபோய்க் கொட்டினாள். கன்று மூன்றே நாளில் நிமிர்ந்தது. காசி அண்ணன் ஊன்றுகோலோடு திரும்பி வந்து, சாவியை வாங்கிக்கொண்டு, "அழகம்மா, அந்த டப்பாவுல எங்கப்பா கெழங்குத் தோட்டத்து மண்ணு இருக்கு. சண்டையில எல்லாம் என் கூடவே வந்துச்சு. நான் செத்தா எம்மேல போட்டுரு. நீதான் போடணும்" என்றார். அழகம்மா தலையாட்டினாள். மறுநாளே பஸ் ஏறி சிடாம் கிரிக்குப் போய், ரப்பர் மரத்தடியில் செம்மண் அள்ளி வந்து டப்பாவை நிரப்பி வைத்தாள். அன்றிலிருந்து செய்த பாவத்துக்குச் சோறாகவே கணக்குத் தீர்த்தாள் என்று சொல்ல வேண்டும்: தினம் மதியம் அவருக்கு அவள் வீட்டில்தான் சாப்பாடு. கறியில் கிடக்கும் கறிவேப்பிலையை அவர் ஒன்றுவிடாமல் மென்று தின்பார். வெள்ளைக்காரருக்கு ஒதுக்கி வைக்கத் தெரியவில்லை, பாவம் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

போன வருடம் ஜனவரியில், தொண்ணூற்றெட்டு வயதில், பால் விடாத காலைத் தே ஓவைக் குடித்து முடித்துவிட்டு அவர் செத்துப்போனார். பாதிரியார் வந்து செய்ய வேண்டியதைச் செய்தார். எல்லாரும் பார்க்க அழகம்மா டப்பாவைத் திறந்து சிடாம் கிரி செம்மண்ணைக் குழியில் தூவினாள். போலந்து மண் எவ்வளவு சிவப்பு என்று வியந்தவர்களும் உண்டு.

பாதிரியார் செய்தது வரிசைக்குப் போதவில்லை. பதினாறாம் நாள் வாழையிலை போட்டுச் சோறு, கோழிக்கறி, உருளைக்கிழங்குப் பிரட்டல் படைத்து, அய்யாவு காக்காயைக் கூப்பிட்டார். சுங்கைப் பட்டாணியில் காக்காய்க்கா பஞ்சம்? முப்பது நாற்பது வந்து மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்தன. ஒன்றும் இறங்கவில்லை. ஒரு மணி நேரம் கூப்பிட்டும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி கைகட்டி உட்கார்ந்திருந்தன.

"மனசுல ஏதோ கொறையோட போயிருக்காரு லா. என்னான்னுதான் தெரியல" என்றார் அய்யாவு.

அழகம்மாவுக்குத் தெரியும். இவ்வளவு பேர் முன்னால் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் அந்த மனுஷன் போக்கிடம் இல்லாமல் நிற்பார். ஏற்கெனவே ஒரு முறை ஊரில்லாமல் நின்றவர். அவள் இலை முன்னால் மண்டி போட்டாள்.

"அண்ணே, ஒங்க மண்ண நாந்தான் எடுத்துக் கருவேப்பிலைக்குப் போட்டேன். குழியில போட்டது சிடாம் கிரி மண்ணு. முப்பது வருசமா ஒங்கள ஏமாத்திட்டேண்ணே" என்று அழுதாள்.

ஒரு குவளை தே ஓவோடு ஓரமாக நின்ற நாகூர் மீரான்தான் பேசினார்.

"அக்கா, என் கடையில மீன் கறி சாப்புடுறப்ப நானா கருவேப்பிலையப் பொறுக்கித் தட்டு ஓரத்துலதான் வைப்பாரு. நம்ம எல்லாரும் மாதிரி. ஒங்க வீட்டுலதான் தின்னுவாரு. ஏன் நானான்னு ஒருவாட்டி கேட்டேன். 'அது எங்கப்பா தோட்டத்துது, மீரான். அழகம்மாகிட்ட சொல்லாத, பயந்துரும்'னாரு. எனக்கு அப்ப வெளங்கல."

அழகம்மா எழுந்தாள். படையலுக்குத் தாளித்தது பாசாரில் வாங்கிய கறிவேப்பிலை. அவளுடைய மரம் மொட்டையாக, பனி பூத்து நின்றது. போய்ப் பார்த்தாள். நட்ட நடு ஜனவரியில் ஒரே ஒரு கொப்பு துளிர்த்திருந்தது. அதை ஒடித்து வந்து சோற்றின்மேல் வைத்தாள்.

காக்காய் வரவில்லை. வடமேற்குப் பக்கமிருந்து ஒரு பறவை வந்து இறங்கியது. இடுப்புயரம், வெள்ளை உடம்பு, கறுப்பு இறக்கை நுனி, அலகும் காலும் சிவப்பு. முட்டியில் கோளாறு போல இடது காலை இழுத்து இழுத்து நடந்துவந்து, துளிரை மட்டும் ஒவ்வோர் இலையாகத் தின்றது. அது முடித்த பிறகே காக்காய்கள் இறங்கிச் சோற்றைத் தீர்த்தன. காக்காய்க்குப் பதில் நாரை செல்லுமா என்று யாரோ கேட்டார்கள். "அவரு ஊருல எது வருமோ அதானே வரும்" என்று அய்யாவு தீர்ப்புச் சொல்லிவிட்டு, எல்லாரையும் சாப்பிட உட்காரச் சொன்னார்.

பறவை திரும்பிப் போகவில்லை. காசி அண்ணன் வீட்டெதிரே மின்கம்பத்தின் மேல் சுள்ளி அடுக்கிக் கூடு கட்டியிருக்கிறது. தினம் மதியம் வேலியோரம் வந்து நிற்கும். அழகம்மா கறிவேப்பிலை போடுவாள். நேற்றும் அப்படித்தான் வந்து, துவைத்துப் போட்ட கைலிக்கு அடியில் நின்றது. "காசி அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, துணி காயுது" என்றாள். அது தள்ளி நின்றது.