தோள் மாற்றாத பவாஸ்

உக்குவளைக்கு மேலேயுள்ள மலையில் மண் சரிந்து பாதை இல்லாமல் போன மூன்றாம் நாள், எண்பத்திரண்டு கிலோ எடையுள்ள ஸுபைதா மாமி, நாற்காலியில் உட்கார்ந்தபடியே, தூக்கியவர்களின் தோளுக்கு நாலு விரல் மேலே மிதந்து பெரிய ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். சீனி வியாதியில் காலில் புண். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் காலை எடுக்க வேண்டும் என்ற நிலை. இரண்டு மூங்கில் கழிகளுக்கு நடுவே பள்ளிவாசல் நாற்காலியைக் கட்டி ஆறு பேர் தூக்கினார்கள். சேற்றில் வழுக்காமலிருக்க வெறுங்காலோடு நடந்தார்கள். இறந்தவரின் ஜனாஸாவைச் சுமக்கும் முறைதான்: பத்து எட்டுக்கு ஒருமுறை முன்னால் நிற்பவர் பின்னுக்குப் போவார், அடுத்தவர் தோள் கொடுப்பார். யார் எவ்வளவு தூரம் சுமந்தார் என்று கடைசியில் யாராலும் சொல்ல முடியாது. முதல் வளைவிலேயே கழி தோளைவிட்டு எழும்பிவிட்டது. கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். வேகமாகப் போனால் தலை சுற்றுகிறதென்று மாமி இரண்டு முறை குறைப்பட்டார். மற்றபடி யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை, கீழே கொண்டுபோக வேண்டிய நோயாளிகள் இன்னும் நிறையப் பேர் இருந்தார்கள்.

நாற்காலி கட்டும் யோசனை மிளகு வியாபாரி பவாஸுடையது. அதை யாரும் மறுக்கவில்லை. இரண்டாம் தடவை சொல்லிக் காட்டவுமில்லை. அதுதான் அவன் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. இரண்டு வாரம் கழித்துக் கண்டியிலிருந்து ஒரு தொலைக்காட்சிக்காரர் வந்தபோது, பவாஸ் அயர்ன் பண்ணிய சட்டை போட்டுக்கொண்டு முன்கழியைப் பிடித்தான். கமரா முன்னால் நடக்க, அவன் தோள் மாற்றவேயில்லை. பின்னால் வந்த முச்சக்கரவண்டிக்கார ஜுனைதீன் நானா மூன்று முறை முதுகில் தட்டினார். பவாஸ் திரும்பவில்லை. கீழே போனதும் ஒலிவாங்கியைப் பார்த்து, நான்தான் இவர்களையெல்லாம் தூக்கி இறக்கினேன் என்றான். இரவுச் செய்தியில் அவன் முகமும் வேறு ஐந்து பேரின் கைகளும் தெரிந்தன. கலேவெலயிலிருந்தெல்லாம் சொந்தக்காரர்கள் போன் பண்ணினார்கள்.

மறுநாளிலிருந்து நாற்காலியின் பாரம் முழுவதும் பவாஸின் வலது தோளில் இறங்கியது. அன்று முதலில் இறக்கிய நோயாளி நோஞ்சான் மனிதர், நாற்பத்தைந்து கிலோ இருந்தால் பெரிது, அத்தனையும் இவன்மேல். பின்னுக்குப் போனால் பாரமும் பின்னுக்கு வந்தது. இடப்பக்கம் மாறினால் இடத்தோளில் ஏறியது. வாதம் என்று சொல்லி வீட்டில் எண்ணெய் போட்டுக்கொண்டான். தோள் வீங்கிப்போனது. வெளியே சொல்ல வெட்கம்.

அவன் மனைவி றிஸ்னா அப்போது எட்டு மாதக் கர்ப்பிணி. கல்யாணமாகி ஏழு வருசத்துக்குப் பிறகு வந்த பிள்ளை. ஒரு வெள்ளிக்கிழமை காலை, நாள் வருமுன்பே பனிக்குடம் உடைந்தது. நடந்தே மேலே ஏறி வந்த மருத்துவமாது அருந்ததி தொட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, இரண்டு மணித்தியாலத்துக்குள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் என்றார். நாற்காலியைத் தூக்கினார்கள். பவாஸ் இரண்டாம் வளைவு வரை பல்லைக் கடித்துக்கொண்டு போனான். அங்கே முழங்கால் மடிந்தது. நாற்காலி பள்ளத்துப் பக்கம் சாய, றிஸ்னா கழியை இறுக்கிப் பிடித்தாள். மற்ற ஐந்து பேரும் என்ன முக்கினாலும் அவர்கள் கைக்குப் பாரம் வரவேயில்லை.

"நானா, பாரம் முழுக்க என்மேலதான் இருக்கு," என்றான் பவாஸ். "அந்த டீவிக்காரன் வந்த நாள்லருந்து."

"தெரியும் தம்பி. எங்க தோள்ல ஒண்ணும் இல்லையே. நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துட்டு இருந்தோம்," என்றார் ஜுனைதீன் நானா. "விடுங்க. நாங்க கொண்டு போறோம்."

சொந்தப் பெண்சாதியைச் சுமக்காமல் நின்றவன் என்று ஊர் சொல்லுமே என ஒரு கணம் நினைத்தான். றிஸ்னாவின் முகத்தைப் பார்த்தான். தோளை எடுத்துவிட்டான்.

நாற்காலி நாலு விரல் எழும்பியது, பிறகு ஒரு சாண். ஐந்து பேரும் அதோடு கிட்டத்தட்ட ஓடினார்கள், அருந்ததி பின்னாலேயே ஓடினார். பவாஸ் திரும்பிப் போய், தன் வீட்டு வாசலில் அவர்கள் கழற்றிவிட்ட ஐந்து சோடிச் செருப்புகளைப் பொறுக்கி மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினான். அவன் போய்ச் சேரும்போது அம்புலன்ஸ் போய்விட்டிருந்தது. ரோட்டோரம் ஐந்து பேரும் சேற்றுக்காலோடு நின்றார்கள். ஓய்வுபெற்ற தபாலதிபர் இராசலிங்கம், அறுபத்து நாலு வயதில், மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தார். பவாஸ் குனிந்து ஒவ்வொருவரின் காலடியிலும் செருப்பை வைத்தான். வைக்க வைக்க அழுதான். தன் வாழ்நாளில் இப்படி மனம் நிறைந்ததில்லை என்று பின்னால் றிஸ்னாவிடம் சொன்னான். பதினொன்றே முக்காலுக்கு மகள் பிறந்தாள்.

பாதை போட்டாகிவிட்டது. அம்புலன்ஸ் இப்போது வாசலுக்கே வரும். ஆனாலும் குலுங்காது என்பதற்காகச் சிலர் நாற்காலியைத்தான் கேட்கிறார்கள். பவாஸும் தோள் கொடுக்கிறான், அது வழக்கம்போல மிதக்கிறது. பிள்ளைக்குப் பெயர் வைத்த அன்று அவன் வட்டிலப்பத்தோடு ஐந்து வீட்டுக்கும் போனான். கடைசி வளைவில், அந்தச் செங்குத்தில், முன்கழியைப் பிடித்தது யார் என்று கேட்டான். ஜுனைதீன் நானா இராசலிங்கத்தைச் சொன்னார். இராசலிங்கம், கூடத் தூக்கிய பையன் கிஷாந்தைச் சொன்னார். கிஷாந்த் யோசித்துவிட்டு, நானில்லை, ஜுனைதீன் நானாவாகத்தான் இருக்கும் என்றான். மற்ற இருவருக்கும் ஞாபகமில்லை. யாருக்கென்று தெரியாமல் போனதால், பவாஸ் இன்றுவரை எல்லோருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறான்.