ஒன்பது மணிக்கு மேல்

மார்ச் பதினோராம் தேதி செவ்வாய்க்கிழமை மாலை, பன்னிரண்டாம் எண் பேருந்தின் கடைசி நிறுத்தத்துக்கு எதிரே உள்ள பிரார்த்தனை மண்டபத்தில் நகரக் கூட்டமைப்பின் கூட்டம் நடந்தது.

பேருந்துத் தொழிலாளர் சங்கச் செயலாளர் வழக்கம்போல முதல் ஆளாக வந்து நாற்காலிகளை இழுத்துப் போட்டார். காலமெல்லாம் ஸ்டியரிங் பிடித்த தோள்பட்டை, பிளாஸ்டிக் நாற்காலி தூக்கினால்கூட முனகியது. சங்கம் தனியாகப் போனால் மேயர் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவார், ஊரையே கூட்டிக்கொண்டு போனால்தான் எழுந்து நிற்பார் என்பது பட்டுத் தெரிந்த பிறகு, தொழிற்சங்கமும் பிரார்த்தனை மண்டபங்களும் குடியிருப்போர் சங்கமும் ஒன்றாகச் சேர்ந்திருந்தார்கள். விதி ஒன்றுதான். வருடத்துக்கு ஒரே கோரிக்கை. அதற்கு எல்லாரும் கை தூக்க வேண்டும். ஒரு கை எழவில்லை என்றாலும் கோரிக்கை விழுந்துவிடும்.

இந்த வருடம் அவருக்கு வேண்டியது ஒரு கழிப்பறை. எதிரே கடைசி நிறுத்தத்தில், ஓட்டுநர்களுக்கு. சங்கத்தின் தீர்மானம்தான் என்றாலும் அவர் மனதில் அதற்குத் தங்கையின் முகம் இருந்தது. நாற்பது வயதுக்கு மேல் ஓட்டுநர் வேலைக்குச் சேர்ந்தவள். பன்னிரண்டாம் எண் வண்டிதான் ஓட்டுகிறாள். ஆண்கள் சுவரோரம் ஒதுங்கிவிடுவார்கள். அவள் எங்கே போவாள்? தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டாள். இரண்டு முறை சிறுநீரகத்தில் கிருமி தாக்கிப் படுத்த படுக்கையானாள். இன்னொரு முறை வந்தால் ஸ்டியரிங்கை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வண்டியை எதிரே நிறுத்திவிட்டுச் சீருடையோடு உள்ளே வந்தவள், நேராகப் பின்பக்கக் கழிப்பறைக்குப் போய், முகமும் கழுவிக்கொண்டு திரும்பினாள்.

"கூட்டத்துக்கு வந்தவங்களுக்கு மட்டும்தான் காவல்காரர் பின்கதவைத் திறப்பாராம். தினம் ஒரு கூட்டம் போடேண்ணா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

"இருக்கிற கூட்டத்துக்கே நாக்கு தள்ளுது. சும்மா இரு."

மண்டபத் தலைவர் எழுந்தார். மெல்லிய மனிதர்; எதையும் மன்னிப்புக் கேட்பதுபோலவே சொல்வார்.

"எங்க ஜனங்க பாதிப் பேர் ஓட்டல்ல பாத்திரம் கழுவுறவங்க. ஒன்பது மணி வண்டி போயிட்டா நடந்துதான் வீடு. பொம்பளைங்க, கைக்குழந்தைக்காரிங்க. பதினொன்னு வரைக்கும் பஸ் விடச் சொல்லிக் கேக்கணும்."

செயலாளரால் அதைத் தப்பென்று சொல்ல முடியவில்லை. இந்தக் கூட்டமைப்பில் அவரை ஓயவைத்ததே அதுதான். முதலாளியிடம் பேசும்போது கோபம் துணைக்கு வரும். இங்கே எதிரே உட்கார்ந்தவர்கள் எல்லாரும் நியாயமாகவே பேசினார்கள்.

பேச்சு முடிவதற்குள் தங்கை வண்டியை எடுக்க நேரமாகிவிட்டது. போகும்போது வாசலில் நின்று அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

குடியிருப்போர் சங்கத் தலைவியை எல்லாரும் மைக்கம்மா என்பார்கள். அவர் பேச மைக் தேவைப்படாது. கடைசியில் அவர் பொறுமை இழந்தார்.

"பஸ்ஸா கக்கூஸா, பஸ்ஸா கக்கூஸா... சம்பந்தி சண்டை மாதிரி இழுத்துக்கிட்டே இருக்கீங்களே! எனக்கு அடுப்புல உலை கிடக்கு. ஐயா, உங்க வாசல் எல்லாருக்கும் திறந்திருக்குன்னு வாராவாரம் பேசுறீங்க. பின்வாசலை மட்டும் எதுக்குப் பூட்டி வச்சிருக்கீங்க?"

சிரிப்பு கிளம்பியது. தலைவரும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் செயலாளர் எழுந்தார்.

"பின்கதவை எங்க ஓட்டுநர்களுக்குத் தினமும் திறந்துவிடுங்க. நாங்க பஸ்ஸுக்குக் கை தூக்குறோம். கழிப்பறையை அடுத்த வருஷம் கேட்டுக்கலாம்."

தலைவர் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். யாரும் மறுக்கவில்லை. எல்லாக் கைகளும் எழுந்தன. செயலாளரின் கை, தோள்பட்டை வலியால், கடைசியாக எழுந்தது.

தங்கை அடுத்த நடை முடித்து வந்தபோது அவர் நிறுத்தத்தில் காத்திருந்தார். விஷயத்தைச் சொன்னார். அவள் முகம் மலர்ந்தது, பிறகு சுருங்கியது.

"பின்கதவு எத்தனை மணி வரைக்கும்?"

அதை அவர் தலைவரிடம் கேட்டிருக்கவில்லை. திரும்பிப் போனார். மண்டபத்தில் தலைவர் ஒவ்வொரு மின்விசிறியாக அணைத்துக்கொண்டிருந்தார்.

"ஒன்பதுக்குக் காவல்காரர் பூட்டிட்டுக் கிளம்பிடுவார். அதுக்கு மேல இருங்கன்னு நான் எப்படிச் சொல்றது? அவரும் தொழிலாளிதானே. வேலை நேரத்துக்கு மேல யாரையும் நிறுத்தக் கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

"அப்ப ஒரு சாவி குடுங்க."

"எனக்குச் சம்மதம்தான். நிர்வாகக் குழு கூடிச் சொல்லணும்."

இந்த வாக்கியத்தைச் செயலாளர் தன் வாயாலேயே பலருக்குச் சொல்லியிருக்கிறார். தலையாட்டிவிட்டு வெளியே வந்தார்.

தங்கை வண்டிப் படிக்கட்டில் உட்கார்ந்து அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு மிடறு குடித்து மூடினாள்.

"பதினொரு மணி வண்டி யாருக்கு வரும்?"

யாருக்கும் பிடிக்காத ஷிப்ட் கடைசியாகச் சேர்ந்தவருக்குத்தான் போகும். அதிகாரிகள் வேண்டியவர்களுக்கு நல்ல ஷிப்டாகப் பார்த்துப் போட்ட காலத்தில், சாலையில் உட்கார்ந்து அவரும் கூட்டாளிகளும் வாங்கிய விதி அது. கடைசியாகச் சேர்ந்தவள் அவள்தான்.

"உனக்காகப் பேசிப் பாக்கட்டுமா?"

"செயலாளர் தங்கச்சிக்கு மட்டும் தனிச் சட்டமான்னு கேப்பாங்க. நீ வாங்கின விதிண்ணா, நீயே உடைச்சுட்டா அப்புறம் யாருக்கு என்ன சொல்வே?" எழுந்து சீருடையைத் தட்டிக்கொண்டாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கை தூக்கியிருக்கலாம்."

"வண்டியில இருந்தியே."

"ஆமா. வண்டியிலதான் இருந்தேன்."

ஏப்ரலில் நகர மன்ற அரங்கம் நிரம்பி வழிந்தது. பதினொரு மணி வரை பஸ் விடுவீர்களா என்று மேயரிடம் கேட்டார்கள். அவர் ஆம் என்றார். ஜூன் முதல் தேதியிலிருந்து பன்னிரண்டாம் எண் பேருந்து இரவு பதினொரு மணி வரை ஓடுகிறது. வண்டி நிறைந்தே போகிறது. மண்டபத்தின் பின்கதவு ஓட்டுநர்களுக்கு ஒன்பது மணி வரை திறந்திருக்கிறது. சாவி பற்றிய பேச்சை நிர்வாகக் குழு இரண்டு முறை ஒத்திவைத்தது.

ஆகஸ்டில் தங்கைக்கு மறுபடியும் சிறுநீரகத்தில் கிருமி தாக்கிக் காய்ச்சல் வந்தது. செப்டம்பரில் அவளைப் பணிமனையில் உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றினார்கள். கடைசி வண்டியை இப்போது அவளுக்கு முன்னால் சேர்ந்த ஓட்டுநர் ஓட்டுகிறார்.