இரண்டாவது சாட்சியின் முழங்கால்

1
இந்தக் கதை எங்கே பிறந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்தான் என்ற பேச்சு வேண்டாம். ஒரு வக்கீலம்மா, குடும்பங்கள் உயில் எழுதுவது பற்றிக் கையேடு போடுகிறார். "சட்டத்த நான் எழுதிட்டேன், ஒருத்தரும் படிக்க மாட்டாங்க. நடுவுல ஒரு குட்டிக் கதை எழுதிக் குடுங்க" என்றார். குட்டிக் கதையாம். பன்னிரண்டு நாளாகக் கழுத்தை அறுக்கிறது.

2
முதல் தொடக்கம்: 'பொழுது புலர்ந்தபோது பெரியவரின் கண்களில்...' வேண்டாம். யார் வீட்டில் பொழுது புலர்கிறது? விடிகிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது: முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த பெரியவர், லிஃப்ட் ஓடாத கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் படுத்திருந்தார். இது பரவாயில்லை. ஒன்பது வருடமாக அவரைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, திட்டும் வாங்கிக்கொண்டவள் மூன்று பிள்ளைகளில் மூத்தவளான மகள். வீடு அவளுக்கே என்று உயில் எழுதிவிட்டார், கையெழுத்துதான் பாக்கி. அவர் கையெழுத்துப் போடுவதை இரண்டு பேர் நேரில் பார்த்துச் சாட்சி போட வேண்டும். ஒருவர், புண்ணுக்குக் கட்டு மாற்ற வரும் நர்ஸ். இன்னொருவர், கீழ்க்கடைத் தையற்காரர், முழங்கால் வலிக்காரர். பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

மகள் வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தாள். பத்தே முக்கால். நர்ஸ் பையை மாட்டிக்கொண்டார். "எனக்கு அடுத்த வீடு இருக்கும்மா."

பொறுமை என்பது பெரியவருக்குப் பிறப்பிலேயே கிடையாது. "கண்டவன் எதுக்கு? நீதான் பக்கத்துல நிக்கிறியே. போடு."

ஒன்பது வருடம் அவர் சொன்னதைச் செய்தே பழகிய கை. போட்டாள்.

3
வக்கீலம்மா படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "சொத்து வாங்கறவளே சாட்சி போட்டா, நம்ம சட்டத்துல உயில் நிக்கும், அவளுக்கு எழுதினது நிக்காது. வீடு மூணு பிள்ளைங்களுக்கும் பொதுவாப் போயிடும். நல்ல உதாரணம், அப்படியே போட்டுடலாம்."

நல்ல உதாரணமாம். பக்கத்தில் நின்றவளுக்குத் தண்டனை, எட்டிப் பார்க்காதவனுக்குப் பங்கு. (பக்கத்தில் இருப்பவர்கள் கையைப் பிடித்து எழுத வைத்துவிடக் கூடாதே என்றுதான் அந்த விதி. நியாயம்தான். நியாயமாக இருப்பதுதான் எனக்கு எரிச்சல்.)

4
சரி, தையற்காரரை மேலே கொண்டுவரப் பார்த்தேன். லிஃப்டை ஓட வைத்தேன், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நின்றது. படியில் ஏற்றினேன், முதல் மாடியிலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். 'வலியைப் பொருட்படுத்தாமல் அவர்...' அடித்துவிட்டேன். இந்த ஆளுக்கு ஒரு முகம்கூட அமையவில்லை.

அமையாது. தையற்காரர் என்று யாரும் கிடையாது. லிஃப்ட் நன்றாகத்தான் ஓடியது. அந்த இரண்டாவது சாட்சி நான். பெரியவர் என் அப்பா. உயிலில் எனக்கு ஒன்றும் இல்லை, அதனால்தான் என்னைக் கூப்பிட்டார். பத்து மணிக்குப் போக வேண்டியவன் பதினொன்றுக்குப் போனேன். ஏதோ ஒரு கதைக்கு முதல் வரி சரியாக வரவில்லை என்று மேசையை விட்டு எழவில்லை.

5
அப்பா போன பிறகு அண்ணன் சொன்னான்: "சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல." என் பங்கை அக்காவுக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன். அவனிடம் கெஞ்சினேன், எருமைமாட்டின் மேல் மழை. அவன் பங்கைப் பணமாகக் கொடுக்க அக்காவிடம் எதுவும் இல்லை, வீட்டை விற்கிறாள்.

பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டே கேட்டாள்: "அன்னிக்கு அப்படி என்னடா எழுதிட்டிருந்த?"

நினைவில்லை. சத்தியமாக நினைவில்லை. வெட்கமாக இருக்கிறது.

6
முடிவுகள். (அ) அண்ணன் மனம் மாறுகிறான். [அவனை உங்களுக்குத் தெரியாது.] (ஆ) நான் மேசையை விட்டு எழுந்து... [எழவில்லை.]

(இ) கதைக்குள் இன்னும் மணி பத்தரைதான். அப்பா பேனாவைத் திறந்துவிட்டார். நர்ஸ் கடிகாரத்தைப் பார்க்கிறார். அக்காவின் கை காகிதத்தைத் தொடவில்லை. படிக்கிற உங்களுக்கு அந்த வீட்டில் பங்கு கிடையாது, எங்களுக்கு உறவும் கிடையாது, வயதும் பதினெட்டைத் தாண்டியிருக்கும். வேறென்ன தகுதி வேண்டும்? லிஃப்ட் ஓடுகிறது. ஐந்தாவது மாடி, இடது பக்கக் கதவு. முதல் வரியெல்லாம் யோசிக்காதீர்கள், எழுந்து போங்கள்.

சாட்சி 2: ____________